கோட்டை வாசல்

பர் துபாய் வெயிலுக்கு மாலுக்குள்தான் நடக்க முடியும். பிரான்ஸ் நாட்டுக் கிராமங்கள் வழியாக எட்டு நாள் நடந்து ஒரு பழைய கோட்டையை அடைவதற்காக, பாலமுரளியும் அவர் மனைவி சுசீலாவும் புது ஷூக்களை மாலின் பளிங்குத் தரையில் நடந்தே பழக்கினார்கள். சுசீலா எப்போதும் ஒரு சுற்று முந்திவிடுவாள்.

"என்னங்க, எறும்புகூட உங்கள முந்திடும். நான் கோட்டை வாசல்ல நிக்கிறேன், மெதுவா வந்து சேருங்க."

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் இறந்துபோனாள்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடவாப்பா?" என்றாள் மகள் பிருந்தா.

"பண்ணிடும்மா."

நடை தொடங்கியிருக்க வேண்டிய நாள். பாலமுரளி வேலை முடிந்து வந்தபோது, செருப்பு ஸ்டாண்டில் சுசீலாவின் ஷூவில் ஈரமண் ஒட்டியிருந்தது. மண்ணையே மிதிக்காத ஷூ அது. மூன்றாம் நாள் புல்விதைகள். ஐந்தாம் நாள் குதிகால் தேய்ந்திருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஓடோடி வந்து, ஷூவைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார். அவள் மாலையில் திரும்பி வருகிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

எட்டாம் நாள், கோட்டையை அடைய வேண்டிய நாள். அன்று மாலை அவள் ஷூ ஸ்டாண்டில் இல்லை.

அவருடைய ஷூ மட்டும், கயிறு தளர்த்தப்பட்டு, வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.