நாக்குக்கு இடம் இல்லை

"நாக்குக்கு இடமே இல்லையாம் டாக்டர். இன்னும் கொஞ்சம் ராவி விட்டுருங்க," என்றாள் ரஞ்சிதா.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார் அவளுடைய மாமியார் மாரம்மா. வாய்க்குள் குட்டிக் கண்ணாடியும் டாக்டர் சௌமியாவின் இரண்டு விரல்களும் இருந்தன. அதனால்தான் அவர் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஓசூர் பாகலூர் ரோட்டிலிருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு இதற்கு முன் வந்த இரண்டு தடவையும் மாமியாருக்கும் சேர்த்துப் பேசியது ரஞ்சிதாதான்.

பல்செட் கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுசாகக் கட்டியவர்கள் எல்லோரும் சொல்கிற குறைதானே என்று டாக்டர் முதல் வாரம் உள்பக்கமாகக் கொஞ்சம் ராவினார். அடுத்த வாரமும் அதே குறை வந்தது, அதே இடத்தில் ராவினார். இப்போது மாரம்மா கொட்டாவி விட்டாலே பல்செட் கடகடவென்று ஆடியது.

ரஞ்சிதாவின் கவலை வேறு. மாமியார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறார். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்தும் போயிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அம்மாவைப் பார்க்க வருகிறாள். வந்ததும் வராததுமாக, சோறு போட்டாயா இல்லையா என்று கேட்பாள். கேட்டதோடு விட மாட்டாள், சொந்த ஊரான கெலமங்கலம் முழுக்கச் சொல்லி வைப்பாள்.

"கடிச்சுச் சாப்பிட முடியுதாம்மா?" என்று டாக்டர் மாரம்மாவைக் கேட்டார்.

"முறுக்கே கடிக்கிறாங்க டாக்டர். சோறுதான் இறங்க மாட்டேங்குது," என்றாள் ரஞ்சிதா.

தன் மேல் தப்பில்லை என்பதை டாக்டருக்கு விளக்குவது அவளுக்கு அவசியமாகப் பட்டது. கெலமங்கலத்து வீட்டை விற்று இங்கே ஃபிளாட் வாங்கியதும் அத்தையை அங்கே விட்டுவிடாமல் கையோடு கூட்டி வந்ததைச் சொன்னாள். முதலில் ஓர் அறையே கொடுத்திருந்தார்களாம். மகள் பத்தாவது வந்துவிட்டதால் கட்டிலை ஹாலுக்கு மாற்றினார்களாம். சோபா வந்த பிறகு பால்கனி. சும்மா இல்லை, கம்பி வலை அடித்து, வாஷிங் மெஷினை ஓரமாகத் தள்ளி, நல்ல காற்றோட்டமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். எத்தனை மாமியாருக்கு இப்படி ஒரு கொடுப்பினை என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகம் கேட்டது.

டாக்டர் விரல்களை வெளியே எடுத்தார். "இதுக்கு மேல ராவினா ஒடஞ்சிரும்மா. இடம் தாராளமா இருக்கு. இன்னொரு நாக்கே வந்து படுத்துக்கலாம்."

"அப்புறம் ஏன் தெனமும் சொல்றாங்க?"

"உங்ககிட்டயா சொன்னாங்க?"

மருமகளிடம் சொல்லக் கூச்சமாம். தினமும் போனில் தங்கையிடம் சொல்வதை ரஞ்சிதா தன் காதால் கேட்டிருக்கிறாள். அவர்கள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் என்ன? விருதுநகரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷமாகிறது. பால்காரரிடம் தெலுங்கு, அத்திப்பள்ளி சந்தையில் கன்னடம் என்று அவள் யாரிடமும் பாடம் கேட்காமல் தேறியவள். கணவன் ஸ்ரீராமிடம் கேட்டிருக்கலாம்தான். அவன் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள்ளேயே பாதித் தூக்கத்தில் இருப்பான். உங்கம்மாவுக்கு நாக்குக்கு இடம் பத்தலையாம் என்று இவள் தமிழில் சொன்னதும், டாக்டரைப் பாரு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டர் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "நீங்க ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அவங்களே சொல்லட்டும்," என்று ரஞ்சிதாவிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, என்ன கஷ்டம் என்று மாரம்மாவிடம் தெலுங்கிலேயே கேட்டார்.

மாரம்மா மருமகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தர விரும்பாதவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நாக்கு ஈட ஜாகா லேதம்மா."

"பாத்தீங்களா," என்றாள் ரஞ்சிதா. மூன்று வாரமாகத் தான் சொன்னது நிரூபணமாகிவிட்டதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. டாக்டருக்கும் புரியட்டும் என்று வார்த்தை வார்த்தையாகப் பிரித்தே சொல்லிக் கொடுத்தாள். "ஈடன்னா இங்க. ஜாகான்னா இடம். லேதுன்னா இல்ல." நாக்கை மட்டும் விட்டுவிட்டாள். அது தமிழ்தானே.

டாக்டர் பல்செட்டை மாரம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அப்புறம் ரஞ்சிதாவின் பக்கம் திரும்பினார்.

"தெலுங்குல நாக்குன்னா 'எனக்கு'ம்மா."