பூஞ்சை பிடித்த மடிப்பு

கடற்கரைக் கொட்டகை ஒன்றில் தோணிகளின் பழைய பாய்களை உப்புப் போக அலசி, உலர்த்தி, கிழிசல் தைப்பார்கள். அங்கே தைக்கிற ஊசிக்கு இளகின மனசு.

ஒருநாள், வெகுகாலம் உழைத்த பாய் ஒன்று வந்தது. தைத்துக்கொண்டே போன ஊசி, அடி மடிப்பில் துணி பூஞ்சை பிடித்து இற்றுப்போயிருப்பதைக் கண்டு நின்றது.

"தம்பி, அதைக் கண்டுக்காதே," என்றது பாய். "தெரிஞ்சா என்னை வெட்டித் தரை துடைக்கப் போட்டுருவாங்க. இந்த ஒரு பருவம் கடலுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"காத்து பலமா அடிச்சா?"

"நான் பார்க்காத காத்தா?"

ஊசிக்கு மறுக்க மனம் வரவில்லை. மடிப்பை மூடி, மேலாக இரண்டு வரி தைத்துவிட்டது.

மூன்றாம் நாள் பெருங்காற்று வீசியது. மற்ற தோணிகள் கரை சேர்ந்தன. அந்தப் பாய் கட்டிய தோணி மட்டும் வரவில்லை. அதில் போன நான்கு பேரின் வீட்டாரும் இருட்டும்வரை கரையிலேயே நின்றார்கள். "பாய் இப்பத்தானே தைச்சு வந்துச்சு," என்று ஒருத்தி அழுதது கொட்டகைவரை கேட்டது.

அடுத்த வாரம் வேறொரு பாய் வந்தது. ஊசி அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தது.

"ஈவிரக்கம் இல்லாத ஜென்மம் நீ," என்றது பாய்.

ஊசி அடுத்த மடிப்பைப் பிரித்தது.