குளிர் யாருக்கு

கர்னூலைத் தாண்டியதுமே கார் சொல்லிவிட்டது. இருக்கிற பேட்டரியில் சொந்த ஊரான திருநெல்வேலி வரை போய்விடலாம். ஆனால் காரையும் பின்னால் இழுத்து வரும் டிரெய்லர் வீட்டையும் ஒருசேரக் குளிரூட்ட முடியாது. வெயில்காலச் சட்டப்படி, மூச்சுவிடும் ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கத்துக்குத்தான் ஏசி. சார்ஜ் போட நின்றாலோ, வரிசையிலேயே ஒரு நாள் போய்விடும்.

டிரெய்லர் கட்டிலில் கோமுவின் கணவர் சண்முகவேல் கிடந்தார். விடியற்காலையில், வடக்கே வேலைக்குப் போன இடத்தில் உயிர் பிரிந்திருந்தது. துபாயில் இருக்கும் மகள் நாளைக் காலையில் ஊருக்கு வந்துவிடுவாள்.

"எம் மவ அவ அப்பா மொகத்தப் பாக்கணும். பின்னால ஏசியப் போடு," என்றாள் காரின் முன்சீட்டிலிருந்த கோமு.

"அங்கே மூச்சு பதிவாகவில்லை," என்றது கார்.

"ஓரமா நிறுத்து," என்றாள். இறங்கி, தார் கொதிக்கும் சாலையில் நடந்துபோய், டிரெய்லரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூரையிலிருந்து குளிர்காற்று இறங்கியது. முன்னால் கார் ஆளில்லாமல் தானாகவே கிளம்பியது.

"இன்னும் நல்லா குளிர வையி."

"உங்களால் தாங்க முடியாது."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

கொஞ்ச நேரத்தில் கோமுவுக்குப் பல் கிட்டியது. கம்பளியை எடுத்தவள், தினமும் செய்கிறபடியே முதலில் அவர் காலைப் போர்த்திவிட்டாள். பிறகுதான் உறைத்தது. கம்பளியை உருவித் தன்மேல் சுற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு இது எனக்கு வேணும்," என்றாள் அவரிடம்.