மணி அடிக்காத நாள்

“ஃபாதர், பள்ளிக்கூட மணியைத் திருடினது நான்தான்.”

சின்ன ஃபாதர் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே நெற்றியைத் தடவிக்கொண்டார். மதியத்திலிருந்து இந்த ஒரே பாவத்தை அவர் கேட்பது இது முப்பத்தொன்பதாவது தடவை. கடைசி வகுப்பில் மொத்தமே முப்பத்தொன்பது பேர்தான். இப்போது மண்டியிட்டிருப்பவன் நெட்டை. மரத்தடுப்புக்கு மேலே அவன் தலைமுடி எட்டிப் பார்த்தது.

பையன்கள் விவரமானவர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாது. அதனால் மணியை ஒளித்துவைத்த கையோடு வரிசையில் வந்து, அவர் காதில் விஷயத்தைப் போட்டு, வாய்க்குப் பூட்டும் போட்டுவிட்டார்கள். அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“எதுக்குடா எடுத்தே?”

“சும்மா, கடைசி நாளாச்சேன்னு ஒரு விளையாட்டுக்குத்தான் ஃபாதர்.”

விளையாடுவதற்கு அவர்களுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லை. அது பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் பித்தளைக் கைமணி. ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் நாலு மணிக்குப் பெரிய ஃபாதர் கேட்டருகே நின்று அதை அடிப்பார். படிப்பு முடித்த பையன்கள் கையில் சான்றிதழோடு வெளியே போவார்கள். அவர் மணி அடிக்காமல் யாரும் போனதில்லை.

“சரி, உனக்குப் பரிகாரம் இதுதான். எடுத்த மணியை எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வை.”

“அங்கேதான் ஃபாதர் சிக்கல்.” நெட்டையின் குரல் இறங்கியது. “பேண்டு ரூம்ல பெரிய டிரம்முக்குள்ள வெச்சிருந்தோம். இப்போ போய்ப் பார்த்தா காணோம். மூலை முடுக்கெல்லாம் தேடிட்டோம்.”

திருடனுக்குத் தேள் கொட்டிவிட்டது. யாரிடம் போய் அழுவான்? சின்ன ஃபாதருக்குச் சிரிப்பு வந்தது. தடுப்பின் துளைகள் வழியே அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

“நானே போய் ஒத்துக்கப் போறேன் ஃபாதர். நான் ஒருத்தன்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன். மத்தவங்களாவது வீட்டுக்குப் போகட்டும்.”

சின்ன ஃபாதரும் அவன் பின்னாலேயே வெளியே வந்தார். முற்றத்தில் பெரிய ஃபாதர் முழங்கிக்கொண்டிருந்தார். பையன்கள் அவருக்கு இடி என்று பேர் வைத்தது காரணமில்லாமல் இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தால்கூடக் கட்டடம் அதிரும்.

“மணி கிடைக்கிற வரைக்கும் ஒரு பயலும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது! ராத்திரி ஆனாலும் சரி, நாளைக்கு விடிஞ்சாலும் சரி! எல்லாரும் இங்கேயேதான் இருக்கணும்!”

சான்றிதழ்கள் அவர் கக்கத்தில் இருந்தன. மணி நாலரை ஆகிவிட்டது. கம்பிக் கேட்டுக்கு வெளியே பெற்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

நெட்டை முன்னால் வந்தான். “நான்தான் எடுத்தேன் ஃபாதர். நான் மட்டும்தான். மத்தவங்களை அனுப்பிடுங்க.”

“நீ மட்டுமா? பெரிய வீரன்! அப்போ மணி எங்கே?”

“தெரியலை ஃபாதர். வெச்ச இடத்துல இல்லை.”

“இல்லையா? அப்போ நீயும் போய் வரிசையில நில்லு!”

நெட்டை நகரவில்லை. “எனக்கு ஆறு மணிக்கு ரயில் ஃபாதர். நாளைக்குக் காலையில கப்பல் பட்டறையில வேலைக்குச் சேரணும். நேரத்துக்குப் போகலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. அதோ, அம்மா பெட்டியோட வந்து காத்திருக்காங்க.”

இடி கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நெட்டையின் அம்மா ஒரு பழைய தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி உன்னைக் கொண்டுவந்து விட்டப்பவும் இதே பெட்டிதானேடா?” என்றார்.

“ஆமா ஃபாதர். அப்போ நான் அழுதுட்டே இருந்தேன். நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க.”

“இப்போ உன்னை எவன் தூக்குவான், பனைமரம் மாதிரி வளர்ந்துட்டே.”

பெரிய ஃபாதர் சின்ன ஃபாதரின் தோளைத் தொட்டார்.

“நீர் கூண்டுக்குள்ள போய் உட்காரும். இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கு.”

சின்ன ஃபாதருக்குக் குழப்பம். முப்பத்தொன்பது பேரும் வந்தாயிற்று. யாரையாவது விட்டுவிட்டோமோ என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போய் உட்கார்ந்து, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே முழங்கால் பலகை கிறீச்சிட்டது. இத்தனை பையன்கள் மண்டியிட்டும் கிறீச்சிடாத பலகை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கனத்த மூச்சு கேட்டது.

“அவனுங்க டிரம்முக்குள்ள ஒளிச்சதை ஜன்னல் வழியா பார்த்துட்டேன் ஃபாதர்,” என்றது இடியின் குரல், கேட்டும் கேட்காததுமாக. “அதை எடுத்து என் தலையணை உறைக்குள்ள வெச்சிருக்கேன்... அடிச்சா எல்லாப் பயலும் போயிடுவானுங்களேய்யா!”