ஏழு நாள் அம்மா

"கூடப் பிறந்தவன் வயித்துலயே அடிச்சுட்டியே, நல்லா இருப்பியா நீ?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டார். கையில் தங்கை கையெழுத்துப் போட்ட தாள். 'மாதிரி தேறவில்லை' என்று ஒரே வரி.

அவருடையது சின்ன ரப்பர் பட்டறை. பம்ப் இணைப்புகளில் சால்வன்ட் என்கிற கரைப்பான் திரவம் கசியாமல் இருக்கப் போடும் வளையங்களைச் செய்கிறார். தங்கை ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர். யார் வளையம் கொண்டுவந்தாலும் ஏழு நாள் சால்வன்ட்டில் ஊறவைத்து அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அங்கே அவளுக்குப் பெயரே 'ஏழு நாள் அம்மா'.

ரப்பரும் சால்வன்ட்டும் சொந்தக்காரர்கள் மாதிரிதான். யாருக்கு யார் ஆகாது என்பது போகப்போகத்தான் தெரியும். அண்ணனின் வளையம் மூன்று நாள் சமர்த்தாக இருந்தது. ஐந்தாம் நாள் ஊதத் தொடங்கி, ஏழாம் நாள் கொழகொழவென்று ஆகிவிட்டது.

"உக்காருங்க மச்சான்," என்றார் அவள் கணவர், குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி.

அவருக்குப் பார்வை போய் நாலு வருஷம். அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பம்ப் இணைப்பு பிய்த்துக்கொண்டு சால்வன்ட் முகத்தில் அடித்துவிட்டது. போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டது தன் தப்புதான் என்று விசாரணையில் அவரே சொன்னார். அதனால் யாரும் மேற்கொண்டு எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

"எங்க உக்கார்றது மாப்பிள்ளை? இந்த ஆர்டர் இல்லைன்னா மாசக் கடைசியில பட்டறையைப் பூட்டணும். ஆறு பேர் என்னை நம்பி வர்றாங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"வேற ரப்பர்ல செஞ்சு கொண்டு வாண்ணே. நானே கூட இருந்து சோதிச்சுத் தர்றேன்."

"அதுக்கு வேற அச்சு, வேற மெஷின். நான் எங்க போவேன்?" அண்ணன் தாளைக் கசக்கினார். "நாலு வருஷம் முன்னாடி இதே வளையத்தை, அவசரம்னு கெஞ்சினதும் மூணே நாள்ல பாஸ் பண்ணினியே, அந்தத் தங்கச்சி எங்க போனா? அதோட சரி. அப்புறம் ஒரு ஆர்டர்கூட உன்கிட்டேர்ந்து வரல."

அவள் கசங்கிய தாளை வாங்கி நீவி மடித்தாள்.

"பதவி வந்ததும் பாசம் போச்சு. மாப்பிள்ளைக்கு இப்படி ஆனப்போ போட்டது போட்டபடி ஓடி வந்தது யாரு? மாசாமாசம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது யாரு?"

"நீங்கதான் மச்சான்," என்றார் கணவர். "அவ வேலை அப்படி. மனசுல வச்சுக்காதீங்க."

"உங்களுக்கென்ன, வெள்ளை மனசு. இந்தக் கல்நெஞ்சுக்காரியோட எப்படித்தான் குடும்பம் நடத்தறீங்களோ."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகையை அடக்க முடியவில்லை. நாலு வருஷமாக நெஞ்சை அரித்ததை இன்றைக்காவது கொட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அண்ணனோட அந்த மூணு நாள் வளையம்..."

"சொல்ல வேண்டாம்." அவர் கையைத் துழாவி அவள் தலைமேல் வைத்தார். "மச்சான்கிட்டயும் சொல்லிடாதே. தாங்கமாட்டார்."

அவள் நிமிர்ந்தாள். "அப்போ உங்களுக்கு..."

"போல்ட்டை நான் சரியாத்தான் முறுக்கியிருந்தேன். வளையம்தான் ஊதிப்போய் வெளிய பிதுங்கிட்டு நின்னுச்சு. நான் கடைசியா பார்த்தது அதைத்தான்."