பால்துரை போன கடல்

புற்றுநோய் வலிக்கு டாக்டர் கொடுத்த அபினிச் சொட்டு மருந்துக் குப்பி பாய்க்கருகில் இருந்தது. கருப்பட்டி வியாபாரி பால்துரை தம்ளரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

“ஏளா சீனித்தாயி, இன்னைக்கும் முத்துக்குளிக்கப் போயிட்டு வந்தேன்.”

“தோணியில ஏறினாலே வாந்தி எடுப்பிய. கடலுக்கடியில எப்படிப் போனிய?” என்றாள் மனைவி.

“நடந்துதான். மூச்சே முட்டல. சிப்பியெல்லாம் கொட்டாவி விடுது. ஒரு சுறா வந்து, ‘அண்ணாச்சி, கடிக்க ஒரு கருப்பட்டி தாங்க’ன்னு கேட்டுது.”

“வலி?”

“அதக் கரையிலயே செருப்போட கழட்டிப் போட்டுட்டுத்தான் எறங்கினேன்.”

“அபினி குடிச்சா முழிக்கவே மாட்டாங்கன்னு சொல்லுதாங்களே?”

“முழிச்சுத்தானளா உங்கிட்ட பேசுதேன்!”

இப்படியே போய், பத்தாம் நாள் சீனித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, “எனக்கும் ஊத்துங்க. நானும் அங்க வாரேன்” என்றாள்.

பால்துரை குப்பியைக் கையில் எடுத்தார். மார்பில் புற்றோடு இரண்டு மாதமாகத் துடித்தும் மருந்தைத் தொட மறுத்தவள் அவள்தான். அவர் தினமும் குடித்தது வெறும் கருப்பட்டித் தண்ணீர். குப்பியின் மூடியை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தார்.

மாலையில் சீனித்தாய் சுருக்கமில்லாத நெற்றியோடு விழித்தாள்.

“அந்தச் சுறாவப் பாத்தேன். எந்த அண்ணாச்சியும் இங்கன வந்ததே இல்லைங்குது” என்று சிரித்தாள்.