ஊட்ட வந்த புறா

மலாவி ஏரிக்கரையின் காலை வெயில் அத்திமரத்தின் உச்சியில் மட்டும் விழுகிறது. தாழ்ந்த கிளையில் பிஸ்விக் ஒரு பச்சைப்புறாவைக் காலில் நார் கட்டி உட்காரவைத்திருக்கிறான். அதன் இமைகள் நூலால் தைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலுமுள்ள குச்சிகளில், அதே மரத்தின் பாலைக் காய்ச்சிய பசை மினுங்குகிறது. மூன்று நாள் பட்டினியில் புறா வாயைத் திறந்து திறந்து கத்துகிறது. "ஒரு பழம் குடுங்களேன் மச்சான், பாவம்" என்கிறாள் கொழுந்தியாள் ஃபலேசி, மடியில் காலிக் கூடையோடு. "வயிறு ரொம்பிட்டா கத்தாது புள்ள. கத்தலைன்னா மத்தது வராது. உங்க அக்கா என்னை வெச்சிருக்கிற மாதிரிதான் இதையும் வெச்சிருக்கேன்." அவள் சிரிக்கிறாள். உச்சியிலிருந்து ஓர் ஆண்புறா தலைகீழாகத் தொங்கித் தொங்கி இறங்கி வருகிறது. சிவந்த கால்கள் பசையில் பதிவதைக் கவனிக்காமல், குருட்டுப் புறாவின் அலகுக்குள் தன் அலகை நுழைத்து ஊட்டுகிறது. பிறகுதான் சிறகை உதறுகிறது, சிறகும் ஒட்டிக்கொள்கிறது. பிஸ்விக் அதைப் பிய்த்தெடுத்துக் கழுத்தைத் திருகிக் கூடையில் போடுகிறான். அதன் ஒரு கால்விரல் குச்சியிலேயே ஒட்டி நின்றுவிடுகிறது. ஃபலேசி கூடைக்குள் கைவிட்டு நெஞ்சுக்கறியை அழுத்திப் பார்க்கிறாள். "நாலு பேர் களிக்கு இது எங்க காணும் மச்சான்?" கிளையில் கத்தல் நின்றிருக்கிறது. அவளே எழுந்து போய், குருட்டுப் புறாவின் வாய்க்குள் விரலை விட்டு, விழுங்காத பழக்கூழை வழித்தெடுத்து மண்ணில் உதறுகிறாள். மறுபடி விரல் அலகில் பட்டதும், யாரோ ஊட்ட வந்ததாக நினைத்து, அது வாயை இன்னும் அகலமாகத் திறக்கிறது.